சுகத்துக்கு ஆதாரம் எது?

(நலப் பணியாளர்களுக்கும் மாணவர்களுக்கும் நடந்த பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு 'நலமேம்பாட்டுத் துறையில் பொதுச் சொற்களை வரையறுத்தல்'. உள்ளே வரும்போதே ஒரு தோழர் வாசலில் நிறுத்திக் கேட்டார்: "சேரியில குடிக்கத் தண்ணி இல்ல. நீங்க உக்காந்து சொல்லுக்கு அர்த்தம் தேடறீங்களாக்கா?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்வதுதான் இந்தப் பேச்சு. முடிவில் அவருக்குத் திருப்தி இல்லையென்றால் எழுந்து மறுபடியும் கேட்கட்டும்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1993. எனக்கு இருபது வயசு. ஒரு தொண்டு நிறுவனத்தில் நலப் பணியாளர் வேலை. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ஒன்பது ஊர், ஒன்பது சேரி. சேரிக்குள் போய்ப் பழக ஆள் வேண்டும் என்பதால்தான் சேரிப் பெண்ணான என்னை எடுத்தார்கள். உப்புச் சர்க்கரைக் கரைசல் சொல்லிக்கொடுப்பது என் வேலை. கொதித்து ஆறின தண்ணீர் ஒரு லிட்டர், தலை தட்டின தேக்கரண்டியில் சர்க்கரை ஆறு, உப்பு அரை. குழந்தைக்கு வயிற்றால் போனால் இதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கணும். அதற்குள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடணும்.

அந்த ஐப்பசியில் ஒரு சேரியில் பதினாலு மாசக் குழந்தை ஒன்று வயிற்றுப்போக்கில் செத்துப்போச்சு. நான் படிவம் நிரப்பணும். 'இறப்புக்கான காரணம்' என்று ஒரு கட்டம். அதற்குள் நாலு சிறு கட்டம்: தாயின் அறியாமை, மூடநம்பிக்கை, தாமதம், மற்றவை. 'மற்றவை' போட்டால் விளக்கம் எழுதணும், மேலே இருப்பவர் கேள்வி கேட்பார். நான் முதல் கட்டத்தில் டிக் போட்டேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு அந்த வீட்டுக்குப் போனேன். குழந்தையின் தாய் எனக்கு அக்கா முறை. "ஏதோ ஃபாரத்துல எழுதினியாமே, என்ன எழுதின பாப்பா?" என்று கேட்டார். மறைக்கத் தெரியவில்லை. படித்துக் காட்டினேன். அவர் அழவில்லை. "எனக்குத் தெரியலன்னா எழுதின? ஆறு கரண்டி சக்கர, அர கரண்டி உப்பு, ஒரு லிட்டரு தண்ணி. நீ சொல்லிக்குடுத்தத இப்பவும் ஒப்பிப்பேன். தண்ணிதான் இல்ல. அத எங்க எழுதின?" என்றார்.

சேரியின் அடிபம்பு உடைந்து மூணு மாசம். ஊர்த் தெருக் குழாயில் எங்கள் குடத்தை வைக்க முடியாது. யாராவது மனசு வந்து ஊற்றினால்தான் உண்டு. அதனால் வாய்க்கால் தண்ணி. ஐப்பசி மழையில் விறகெல்லாம் ஈரம், கொதிக்க வைக்க முடியாது. நடவு நேரம், ஒரு நாள் நின்றால் அடுத்த நாள் வேலை இல்லை. பஸ் ஊரில் நிற்கும், காலனியில் நிற்காது. இவை எதற்கும் படிவத்தில் கட்டம் இல்லை. இவ்வளவும் தெரிந்த ஒருத்தி, அதே போன்ற ஒரு சேரியில் பிறந்த ஒருத்தி, 'தாயின் அறியாமை' என்று டிக் போட்டாள்.

அடுத்த வருஷம் எங்கள் நிறுவனத்துக்கு என்ன வந்தது தெரியுங்களா? சுவரொட்டி. கட்டுக் கட்டாகச் சுவரொட்டி. அடிபம்பு வரவில்லை. காரணம் அறியாமை என்று நாமே எழுதிக் கொடுத்தால் பரிகாரமாகச் சுவரொட்டிதான் வரும். காரணம் தண்ணீர் என்று எழுதியிருந்தால் யாரோ ஒருவர் தண்ணீருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். தோழரே, சொல்லை வரையறுப்பது என்றால் இதுதான். பழி யார் மேல், பணம் எதற்கு, பதில் யார் சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் அந்தச் சொல் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது.

அடுத்தவர் வைத்த சொல் என்ன செய்யும் என்பது நமக்குப் புதுசில்லை. 'பறையர்', 'பஞ்சமர்' என்று அரசு ஏடுகளில் எழுதிக்கொண்டிருந்ததை மாற்றி 'ஆதி திராவிடர்' என்று எழுத வைக்க 1922இல் சென்னைச் சட்டசபையில் எம்.சி.ராஜா தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. சொற்களைப் பிரித்துப் போட்டு அவற்றுக்குள் ஒளிந்திருந்த வரலாற்றைத் தேடிய அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவரும்கூட. மருந்துப் பெட்டியையும் சொற்களையும் ஒரே கையால் தொட்டவர்கள் நம் முன்னோர். ஆகவே இந்த வேலை நமக்கு அந்நியமானது அல்ல.

இனி உலகத்தில் என்ன நடந்தது என்று சுருக்கமாகப் பார்ப்போம். 1946இல் கையெழுத்தாகி 1948 ஏப்ரல் 7இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் சாசனம், நோய் இல்லாதிருப்பது மட்டுமே நலம் ஆகாது, உடல், மனம், சமூகம் மூன்றிலும் முழுமையாக நன்றாக இருப்பதே நலம் என்றது. 1978இல் அல்மா-ஆட்டாவில் கூடியவர்கள், தங்கள் நலப் பராமரிப்பைத் திட்டமிடுவதிலும் நடத்துவதிலும் பங்கேற்பது மக்களின் உரிமையும் கடமையும் என்றார்கள். 1986 நவம்பரில் கனடாவின் ஒட்டாவாவில் ஒரு சாசனம் வந்தது. மக்கள் தங்கள் நலத்தைத் தங்கள் கைக்குள் கொண்டுவரவும் அதை மேம்படுத்தவும் வகை செய்யும் செயல்முறைதான் நலமேம்பாடு என்று அது வரையறுத்தது. அதற்கு முன்தேவைகள் என்று ஒரு பட்டியலும் போட்டது: சமாதானம், வீடு, கல்வி, உணவு, வருமானம், நிலையான சுற்றுச்சூழல், நீடித்த வளங்கள், சமூக நீதி, சமத்துவம். மருந்து, மாத்திரை, சுவரொட்டி இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் நாட்டுக்கு நாடு ஒரே சொல்லை ஒவ்வொருவரும் ஒவ்வொரு பொருளில் பயன்படுத்தினார்கள். அதனால்தான் பொதுச் சொற்பட்டியல் தேவைப்பட்டது. டான் நட்பீம் 1986இல் ஒன்று எழுதினார். அதைத் திருத்தி 1998இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டது. 2006இல் சில சொற்கள் சேர்ந்தன. 2021இல் புதிய பதிப்பு வந்தது. ஆக, வரையறை என்பது கல்வெட்டு அல்ல. முப்பத்தைந்து வருஷத்தில் அவர்களே பல தடவை திருத்தியிருக்கிறார்கள் என்றால் நாமும் கை வைக்கலாம்.

நம் மொழிக்கு வருவோம். ஐந்து சொற்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதல் சொல் 'சுகாதாரம்'. தமிழில் இந்த ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. உடல்நலத்துக்கும் சுகாதாரம், சுத்தத்துக்கும் சுகாதாரம். சுகாதார நிலையம் என்றால் ஊசி போடும் இடம். சுகாதாரமற்ற இடம் என்றால் குப்பை. இரண்டும் ஒன்றாகக் கலந்தபோது என்ன ஆயிற்று? சுகாதாரத்தை மேம்படுத்துவது என்றால் சுத்தமாக இருக்கச் சொல்வது என்றாகிவிட்டது. யாரைப் பார்த்துச் சொல்வார்கள்? நம்மைப் பார்த்து. ஊரின் அழுக்கை எல்லாம் அள்ளுகிறவனைப் பார்த்து, ஊரின் அழுக்கைத் தொடாதவன் "சுத்தமா இருக்கக் கத்துக்கோ" என்று வகுப்பெடுப்பதுதான் இந்த நாட்டின் சுகாதாரக் கல்வி. தீட்டு என்ற பழைய சரக்குக்கு ஒட்டிய புது லேபிள் அது.

ஆனால் அந்தச் சொல்லைத் தூக்கி எறிய வேண்டாம் என்பது என் கருத்து. பிரித்துப் பாருங்கள்: சுகம், ஆதாரம். நம் பாட்டிமார் "உடம்பு சொகமில்ல" என்று சொல்கிற அதே சுகம். அந்தச் சுகத்துக்கு ஆதாரம் எது என்று கேட்டால் ஒட்டாவாக்காரர்கள் போட்ட பட்டியல்தான் வருகிறது. வீடு, சோறு, கூலி, தண்ணீர், நீதி. இன்றைக்கு 'நலத்தைத் தீர்மானிக்கும் சமூகக் காரணிகள்' என்று அறிஞர்கள் நீட்டிச் சொல்வதும் இதைத்தான். மைக்கேல் மார்மட் தலைமையிலான ஆணையம் 2008இல் கொடுத்த அறிக்கை, மனிதர்கள் பிறந்து, வளர்ந்து, வேலை செய்து, முதுமையடையும் நிலைமைகளே அவர்கள் நலத்தைத் தீர்மானிக்கின்றன என்றது. நாம் சுருக்கமாகச் 'சுக ஆதாரங்கள்' என்று சொல்லலாம். சேரியில் சொன்னால் புரியும். சுத்தத்தைக் குறிக்கத் 'துப்புரவு' என்ற சொல் தனியாக இருக்கிறது. இரண்டையும் கலக்காமல் எழுதுவோம்.

இரண்டாவது சொல் 'கட்டுப்பாடு'. ஒட்டாவா வரையறையை மொழிபெயர்க்கிறவர்கள், மக்கள் தங்கள் நலத்தின் மீதான 'கட்டுப்பாட்டை' அதிகரித்துக்கொள்வது என்று எழுதுகிறார்கள். அகராதிப்படி தப்பில்லை. ஆனால் நம் கிராமங்களில் 'ஊர்க் கட்டுப்பாடு' என்றால் என்ன? சேரிக்குக் கடையில் சாமான் கிடையாது, வயலில் வேலை கிடையாது, ஆடு மாடு மேய்க்க வழி கிடையாது. 'குடும்பக் கட்டுப்பாடு' என்றால் என்ன? நெருக்கடி நிலைக் காலத்தில் இலக்கு வைத்து ஆள் பிடித்த முகாம்கள். அந்த இலக்கு முறையை மத்திய அரசு கைவிட்டதே 1996இல்தான். கட்டுப்பாடு என்ற சொல் நம் காதில் எப்போதும் மேலேயிருந்து கீழே இறங்கும் ஒன்றாகவே விழுந்திருக்கிறது. ஆகவே அந்த இடத்தில் 'அதிகாரம்' என்று எழுதுங்கள். தன் நலத்தின் மீது மக்களுக்கு அதிகாரம். பேச்சில் சொன்னால், "நம்ம ஒடம்பு, நம்ம தண்ணி, நம்ம கையில". இதில் அரசியல் ஏறிவிட்டது என்று யாராவது சொன்னால், ஏற்கனவே இருந்த அரசியலைத்தான் வெளியே எடுத்தோம் என்று சொல்லுங்கள்.

மூன்றாவது, 'சமூகம்'. 'சமூகப் பங்கேற்பு' இல்லாமல் இப்போது ஒரு திட்டமும் கிடையாது. 1998 பட்டியல் சமூகம் என்பதை ஒரு குறிப்பிட்ட மக்கள் குழு, பெரும்பாலும் ஒரே நிலப்பரப்பில் வாழ்வது, பொதுவான பண்பாடும் மதிப்பீடுகளும் நெறிகளும் கொண்டது என்கிற மாதிரி வரையறுக்கிறது. இந்த வரையறையை எடுத்துக்கொண்டு ஒரு தமிழ்க் கிராமத்துக்குள் நுழையுங்கள். ஒரே நிலப்பரப்பு, ஆனால் ஊர் ஒன்று, சேரி ஒன்று. பொதுவான நெறி? அந்த நெறியே தீண்டாமைதான்! "நீங்க என்ன சமூகம்?" என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கேட்டால் அவர் கேட்பது சாதியை. நலக் கூட்டத்தைக் கோயில் மண்டபத்தில் கூட்டி, வந்தவர்களிடம் கையெழுத்து வாங்கி, 'சமூகப் பங்கேற்பு முழுமை' என்று எழுதிவிடுகிறார்கள். அந்த மண்டபத்துப் படியில் நாம் ஏற முடியாது என்பது பதிவேட்டில் எங்கே இருக்கிறது?

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களின் மேல்நிலைக் குடிநீர்த் தொட்டியில் மனித மலம் கலக்கப்பட்டிருந்தது. குழந்தைகள் உடம்பு முடியாமல் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. இதற்கு 'சமூகப் பங்கேற்பு' என்ற சொல்லில் என்ன விளக்கம்? 1927இல் மகாடில் அண்ணல் அம்பேத்கர் சவுதார் குளத்து நீரைக் கையில் அள்ளிக் குடித்தாரே, அதை ஒரு கோயில் நுழைவு மாதிரியான சடங்கு எதிர்ப்பாக மட்டும் பார்க்கிறோம். பொதுநலக் கண்ணோடு பார்த்தால், இந்த நாட்டில் நடந்த மிகப் பெரிய நலமேம்பாட்டுச் செயல்களில் அதுவும் ஒன்று. ஆகவே நம் வரையறையில் ஒரு நிபந்தனை வேண்டும்: ஊர், சேரி இரண்டையும் தனித்தனியாகக் கேட்காமல் எந்தப் பங்கேற்பும் பங்கேற்பு ஆகாது.

நான்காவது, 'வாழ்க்கைமுறை', அதோடு ஒட்டிய 'ஆபத்தான பழக்கம்'. குடி, புகை, சாப்பாடு என்று நம் பழக்கங்களைக் கணக்கெடுக்கிறார்கள். ஒரு நகரத்தில் பாதாளச் சாக்கடை வேலை பார்க்கும் ஆண்களிடம் குடியின் தீமை பற்றிப் படம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு அண்ணன் சொன்னார்: "குடிக்காம ஒரு தடவ அதுல எறங்கிப் பாரும்மா. அப்புறம் பேசலாம்." நான் படத்தைச் சுருட்டிக்கொண்டேன். குடி நல்லது என்று நான் சொல்லவில்லை. நம் குடிசைகளை அது அழிக்கிறது, முதல் அடி வாங்குகிறவள் பெண். ஆனால் அந்த மனிதனின் ஆபத்து பாட்டிலில் தொடங்கவில்லை, மூடியைத் திறந்து அவனை இறக்கிவிட்டவனிடம் தொடங்கியது. 1998 பட்டியலேகூட வாழ்க்கைமுறை என்பது தனிமனித குணம் மட்டுமில்லை, வாழ்நிலைமைகளாலும் தீர்மானிக்கப்படுவது என்கிறது. அந்தப் பாதியை நம் ஊர்ப் பயிற்சிக் கையேடுகள் சௌகரியமாக விட்டுவிட்டன.

மனிதக் கழிவை மனிதன் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். சாக்கடையில் செத்தவர் குடும்பத்துக்குப் 10 லட்சம் கொடு என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சம் ஆக்கியது. சட்டத்தில் அது குற்றம். செய்தித்தாளில் மட்டும் அது இன்னும் 'விபத்து', 'விஷவாயு தாக்கி மரணம்'. வாயுவா தாக்கியது? இறக்கிவிட்டவருக்குப் பெயர் கிடையாதா? நம் ஏடுகளில் 'சாக்கடைக் கொலை' என்று எழுதுவோம். தமிழக அரசு 2020இல் துப்புரவுப் பணியாளரைத் 'தூய்மைப் பணியாளர்' என்று மாற்றியது. பெயரில் மரியாதை இருந்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்னால் தனியார்மயத்தை எதிர்த்து உட்கார்ந்திருந்த அதே தூய்மைப் பணியாளர்களை நள்ளிரவில் அப்புறப்படுத்தினார்கள். சொல் மட்டும் மாறி நிலைமை மாறாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் இதுவே பாடம். சொல்லோடு நின்றுவிடக் கூடாது என்று வாசலில் கேட்ட தோழர் சொல்வது இங்கே சரி.

ஐந்தாவது, 'ஏற்றத்தாழ்வு'. இரண்டு பேருக்கு ஆயுள் வேறுபடலாம். எல்லா வேறுபாடும் அநீதி இல்லை. மார்கரெட் வைட்ஹெட் 1990இல் இதைத் தெளிவாகப் பிரித்தார்: தவிர்க்கக்கூடியது, தேவையற்றது, நியாயமற்றது என்ற மூன்றும் சேர்ந்தால் அது வெறும் வேறுபாடு அல்ல, அநீதி. இந்தியாவில் இறந்த பெண்களின் சராசரி வயதை ஒப்பிட்டு, தலித் பெண்களுக்கு 39.5, உயர்சாதிப் பெண்களுக்கு 54.1 என்று ஐ.நா. பெண்கள் அமைப்பின் 2018 அறிக்கை சொல்கிறது. 14.6 வருஷம்! இது எந்தக் கிருமி தின்ற வருஷம்? இதற்கு 'நல வேறுபாடு' என்று பெயர் வைத்தால் அது வானிலை அறிக்கை மாதிரி ஆகிவிடும். 'நல அநீதி' என்று எழுதுங்கள். அநீதி என்று எழுதினால் அநீதி செய்தவர் யார் என்ற கேள்வி கூடவே வரும். உலகப் பட்டியலில் 1998இல் சாதிக்குத் தனித் தலைப்பு கிடையாது. நம் பட்டியலில் அது இருக்கணும். நோய்க்குக் காரணிகள் என்ற தலைப்பின் கீழேயே இருக்கணும்.

சரி, நமக்கென்று தனிச் சொற்களை வைத்துக்கொண்டு நாமே பேசிக்கொண்டிருந்தால் போதுமா? போதாது. கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கும்போது அவர்கள் ஏட்டில் இருக்கும் சொல் இல்லையென்றால் மனு நகராது. ஆகவே இரண்டும் வேண்டும். அரசாங்கச் சொல்லையும் தெரிந்துகொள்ளுங்கள், அதன் பக்கத்தில் நம் சொல்லையும் எழுதுங்கள். 'குடிநீர் வசதி வேண்டும்' என்று எழுதினால் அது தயவு கேட்பது. வசதி இருந்தால் செய்வோம், படிப்படியாகச் செய்வோம் என்பார்கள். அரசியல் சட்டத்தின் 47ஆவது பிரிவு பொதுச் சுகாதாரத்தை மேம்படுத்துவது அரசின் கடமை என்கிறது. 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்திருக்கிறது. தண்ணீரையும் நலத்தையும் 21ஆவது பிரிவின் உயிர் வாழும் உரிமையோடு சேர்த்து உச்ச நீதிமன்றம் பேசியிருக்கிறது. ஆகவே 'வசதி' என்ற இடத்தில் 'உரிமை' என்று எழுதுங்கள். ஒரு சொல்தான், ஆனால் மனு கொடுக்கிறவர் நிற்கும் இடம் மாறிவிடும்.

நாம் தயாரிக்கும் பட்டியலுக்கு மூன்று விதி சொல்லி முடிக்கிறேன். ஒன்று, ஒவ்வொரு வரையறையிலும் யார் செய்ய வேண்டும் என்பது இருக்கணும். 'விழிப்புணர்வு ஏற்படுத்தப்பட வேண்டும்' என்று ஆளே இல்லாத வாக்கியம் வேண்டாம். இரண்டு, சேரியில் ஐந்து பெண்களிடம் படித்துக் காட்டி அவர்களுக்குப் புரிந்து, அவர்கள் ஒத்துக்கொண்ட பிறகே ஒரு சொல் பட்டியலில் ஏறணும். படித்தவர்களான நாமும் அவர்களுக்கு மேல்சாதி ஆகிவிடக் கூடாது. 1993இல் நான் ஆகிவிட்டேன். மூன்று, 'அறியாமை' என்ற சொல்லைக் காரணக் கட்டத்திலிருந்து எடுத்துவிடணும். தெரியாததைச் சொல்லிக்கொடுப்பது நம் வேலை, அதைச் செய்வோம். ஆனால் சாவுக்குக் காரணம் எழுதும் இடத்தில், தண்ணீர் எவ்வளவு தூரம், யார் கையில், அன்றைக்குக் கூலி என்ன, வண்டி நின்றதா என்ற நாலு கேள்வியும் கேட்ட பிறகே பேனா எடுக்கணும்.

இப்போது உங்கள் கையில் இருக்கும் மாதிரிப் படிவத்தில் அந்த நாலு கேள்வியையும் போட்டிருக்கிறோம். முதல் கேள்வி தண்ணீர். அது அந்த அக்கா கேட்ட கேள்வி. அச்சடித்ததும் முதல் பிரதியை எடுத்துக்கொண்டு நான் அவரிடம்தான் போகப் போகிறேன். அவர் பார்த்துவிட்டு என்ன திருத்தம் சொல்கிறாரோ, அதை அடுத்த கூட்டத்தில் உங்களிடம் சொல்கிறேன். நீங்களும் உங்கள் சேரிக்குப் போய்க் கேட்டுக்கொண்டு வாங்க.

ஜெய்பீம்!